மறுப்பும் மௌனமும்

துறை என்னுஞ் சொல்லுக்குத் தமிழிற் பொருள்கள் பல. ஆற்றில் இறங்குமிடமும் துறை. மரக்கலம் அணையுமிடமும் துறை. புறத்திணையின் உட்பிரிவும் துறை. நாம் பயிலும் தமிழ்த்துறையும் துறையே. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என வடகரை நெடுகிலும் ஊர்ப்பெயர்களில் இச்சொல் நிலைத்திருக்கின்றது. அண்மைக் காலத்திற் கணனியியலாரும் இதனைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். வலையமைப்பில் இணைந்துள்ள கணனியொன்றிற்கு வரும் வேண்டுகோள், அதனுள் இயங்கும் செய்நிரல்களுள் எதனைச் சென்றடைய வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணே அவர்களது துறை. கணனியின் முகவரியைக் கட்டடத்தின் முகவரியாகக் கொண்டால், துறையெண்ணை அக்கட்டடத்தில் உள்ள அறையின் எண்ணாகக் கொள்ளலாம். பதினாறு துவித இலக்கங்களால் எழுதப்படுவதால் அவ்வெண் 65,535 வரை செல்லும்.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'போட்' என்னுஞ் சொல் இரு வேறு இலத்தீன் மூலங்களிலிருந்து வந்து ஒரே எழுத்துக்கூட்டில் ஒடுங்கியது. ஒரு மூலம் துறைமுகத்தைக் குறிப்பது. மற்றையது வாயிலைக் குறிப்பது. கணனியினுள் நிகழ்வதை நோக்குமிடத்து, வாயில் என்பதே பொருத்தமான மொழிபெயர்ப்பாய் இருந்திருக்கும் என்பது எனது எண்ணம். தட்டுதலும் திறத்தலும் மறுத்தலும் வாயிலுக்கே உரியன. எனினும் துறை என்பது பாடநூல்களில் வேரூன்றிவிட்டமையால் ஈண்டும் அதனையே கொள்கிறேன்.

கலைப்பீடத்திற் பயிலும் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் எனச் சிலர் வினவக்கூடும். பழைய சஞ்சிகைகளையும் செய்தித்தாள்களையும் சான்றாகக்கொண்டு ஆய்வேடு எழுதுவோருட் பலர் இன்று தாளைத் தொடுவதில்லை. தாளின் படிமத்தையே காண்கின்றனர். அப்படிமங்கள் ஏதோவோர் அறையில் உள்ள சேவையகத்திற் கோப்புகளாக உறைகின்றன. அவை வாசிப்போர் மேசைக்கு வந்து சேராத நாளுக்கும் நூலகம் பூட்டிக் கிடக்கும் நாளுக்கும் வேறுபாடில்லை. நான் பகுதிநேர உதவியாளனாகப் பணியாற்றும் நூலகமொன்றில் அவ்வாறு பதினொரு நாள்கள் கழிந்தன. இறுதியாண்டு மாணவர் தம் ஆய்வேடுகளை ஒப்படைக்க மூன்று வாரங்களே எஞ்சியிருந்த காலம் அது. அந்நாள்களிற் கண்டவற்றையும், அவற்றின் காரணத்தைத் தேடிப் பின்னர்க் கற்றவற்றையும் இங்கு எழுதுகிறேன்.

அந்நூலகத்தின் சேவையகம் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையில் இயங்குவது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி முதலியோர் தொடங்கிய யுனிக்ஸ் மரபைப் பின்பற்றி எழுந்தது லினக்ஸ். அம்மரபிற்கு ஒரு நற்பண்பு உண்டு. கேட்கத் தெரிந்தவனுக்கு அது விடை கூறும். விடை சுருக்கமானது, சிலவேளை கடுமையானது. ஆயினும் பெரும்பாலும் உண்மையானது.

ஒரு துறையைத் தட்டும்பொழுது மூன்றில் ஒன்று நிகழலாம். தொடர்பை வேண்டும் கணனி முதலிற் சிறு பொதியொன்றை அனுப்புகின்றது. அத்துறையிற் செவிமடுக்கும் செய்நிரல் இருப்பின் ஏற்புப் பொதி திரும்பி வரும். செவிமடுப்பார் இல்லையெனின், சேவையகத்தின் பணிசெயல் முறைமையே 'இணைப்பு மறுக்கப்பட்டது' எனப் பொருள்படும் பொதியை உடனடியாக அனுப்பிவிடும். மூன்றாவது, யாதொன்றும் வராமை. அப்பொழுது அனுப்பிய கணனி ஒரு செக்கன் காத்திருந்து மீண்டும் தட்டும். பின்னர் இரண்டு செக்கன், நான்கு செக்கன் எனக் காத்திருப்பை இரட்டித்துக்கொண்டே சென்று, லினக்சின் வழமையான அமைப்பில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலான காலத்தின் பின், 'நேரங் கடந்துவிட்டது' எனக் கைவிடும்.

'வேலை செய்யவில்லை' என்ற ஒரே வாக்கியத்தில் மறுப்பையும் மௌனத்தையும் அடக்கிவிடுவது எமது வழக்கம். உண்மையில் அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. மறுப்பு வருமாயின், பாதை திறந்திருக்கின்றது, கணனி இயங்குகின்றது என்ற இரு நற்செய்திகள் அதனுள் அடங்கியிருக்கும். சேவை தொடங்கப்படவில்லை, அன்றேல் அது தவறான முகவரியிற் செவிமடுக்கின்றது என்ற அளவில் ஐயம் பெரும்பாலும் சுருங்கிவிடும். 127.0.0.1 என்பது கணனி தன்னைத்தானே குறிக்கும் முகவரி. அதில் மட்டும் செவிமடுக்கும் சேவை கதவைச் சாத்திக்கொண்டு தன்னோடு தானே பேசுபவரை ஒத்தது. உள்ளே இருந்து பார்ப்பவனுக்கு யாவும் சீராகத் தோன்றும், வெளியே நிற்பவனுக்கு மறுப்பே கிடைக்கும். மௌனமோ இவ்வாறு எதனையும் சுருக்கித் தருவதில்லை. கணனி அணைந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், இடையிலுள்ள தீச்சுவர் பொதியை விழுங்கியிருக்கலாம்.

மௌனத்தை எதிர்கொள்வோர் முதலில் எடுக்கும் கருவி 'பிங்'. 1983ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்க இராணுவ ஆய்வுகூடமொன்றிற் பணியாற்றிய மைக் மியூஸ் இதனை எழுதினார். கடலடியில் உள்ளவற்றை ஒலியலையால் தேடும் கருவியின் ஓசையே அதன் பெயராயிற்று. பயன் மிகுந்த கருவிதான். ஆனால் அது துறை எதனையும் தட்டுவதில்லை. கட்டடம் நிற்கின்றதா என்று மட்டும் கேட்டுத் திரும்பும். எந்த அறை திறந்திருக்கின்றது என்பது அதன் அக்கறையன்று. எமது நூலகத்திற் பிங் முதல் நாளே விடை பெற்றது. 'சேவர் நல்லாத்தான் இருக்கு, உங்கட கொம்பியூட்டரைப் பாருங்கோ' என்ற தீர்ப்பும் அன்றே வழங்கப்பட்டது. பதினொரு நாள்களிற் பெரும்பகுதியை விழுங்கியது அத்தீர்ப்பே.

தீர்ப்புக்கு வலுச்சேர்த்தது ஒரு மடிக்கணனி. விடுமுறைக் காலத்தில் நீண்டதொரு மின்தடை ஏற்பட்டு, சேமக்கலங்கள் ஓய்ந்து, சேவையகமும் வாசிப்பறைக் கணனிகள் யாவும் அணைந்திருந்தன. மின்சாரம் வந்தபின் சேவையகம் தானே எழுந்தது. வாசிப்பறைக் கணனிகளையும் இயக்கினோம். அவற்றுள் ஒன்றாயினும் படிமக் கோப்புறையை இணைத்துக்கொள்ள மாட்டாது நின்றது. ஆனால், பட்டியலிடும் அலுவலர் மேசையில் இருந்த மடிக்கணனி, தன் மின்கலத்தின் தயவால் அணையாமல் உறங்கிக்கிடந்து விழித்தது. அதில் எல்லாக் கோப்புகளும் ஒரு குறையுமின்றித் திறந்தன. ஒரே அறை, ஒரே கம்பி, ஒரே சேவையகம். ஒன்று காண்கின்றது, ஏனையவை காணவில்லை. ஆகவே குறை ஏனையவற்றில் என்று முடிவுகட்டுவது இயல்பே. எனினும் அம்முடிவு பிழையானது.

இதனை விளக்க அக்கோப்புப் பகிர்வின் வரலாற்றைச் சிறிது நோக்கவேண்டும். வாசிப்பறைக்குக் கோப்புகளை வழங்கியது என்.எவ்.எஸ். எனப்படும் வலையமைப்புக் கோப்புமுறை. சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் உருவாக்கியது அது. தொலைவில் உள்ள கோப்புறையைத் தன் கணனியின் கோப்புறை போலவே காட்டுவது அதன் நோக்கம். அதனை வகுத்தோர் ஒரு துணிவான முடிவை மேற்கொண்டனர்: யார் யார் எக்கோப்பைத் திறந்து வைத்திருக்கின்றனர் என்பதைச் சேவையகம் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டிய விவரங்களைத் தானே சுமந்து வரும். ஆகையாற் சேவையகம் விழுந்து எழுந்தாலும் பயன்படுத்துவோருக்கு அது நீண்டதொரு தாமதமாகவே தோன்றும். 'சேவையகம் விடையளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்ற செய்தி திரையில் நிற்கும். எத்தனை மணி நேரம் ஆனாலும் நிற்கும். பின்னர் ஒருநாள் 'சேவையகம் நலம்' என்ற செய்தி வரும். விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். இப்பொறுமை வியப்புக்குரியதே. ஆனால் இடையிற் காத்திருக்கும் மனிதனுக்கு அது காரணமும் கூறுவதில்லை, எல்லையும் கூறுவதில்லை.

இம்முறையின் மூன்றாம் பதிப்பில், கோப்புகளைத் தரும் சேவை 2049ஆம் துறையில் நிற்கும். ஆனால் ஒரு கணனி முதன்முறை இணையும்பொழுது வேறொரு சேவையை அணுகி, நுழைவுக்கான அடையாளத்தைப் பெறவேண்டும். 'மவுண்ட்டி' எனப்படும் அச்சேவைக்கு நிலையான துறையெண் இல்லை. எழும்பொழுதெல்லாம் கிடைத்த எண்ணில் அமரும். அது இன்று எங்கே அமர்ந்திருக்கின்றது என்பதை 111ஆம் துறையில் இருக்கும் பதிவாளர் போன்ற சேவையிடம் கேட்டறியவேண்டும். தீச்சுவர்கள் பரவாத காலத்தில் வகுக்கப்பட்ட ஒழுங்கு இது. எமது சேவையகத்தின் தீச்சுவரிலோ 111, 2049 ஆகியவற்றுடன், அதனை நிறுவிய நாளில் மவுண்ட்டி அமர்ந்திருந்த எண்ணும் திறக்கப்பட்டிருந்தது. மின்தடையின் பின் மவுண்ட்டி வேறோர் எண்ணில் அமர்ந்துகொண்டது. புதிதாய் இணைய வந்த கணனிகள் பதிவாளரிடம் புதிய எண்ணைச் சரியாகக் கேட்டறிந்து, அங்கு சென்று தட்டி, தீச்சுவரால் விழுங்கப்பட்டன. மடிக்கணனி தன் அடையாளத்தை முன்னரே பெற்றிருந்தது. அது மவுண்ட்டியை மீண்டும் நாடவேண்டியிருக்கவில்லை. 2049 வழியாகத் தன்பாட்டில் கோப்புகளைப் பெற்றுக்கொண்டிருந்தது. கெட்டுப்போகாத அந்த ஒரு கணனியே குறையின் இடத்தைக் காட்டும் சான்று என்பதை உணர எங்களுக்கு ஆறு நாள் சென்றது. 'ஆர்பிசிஇன்போ' என்னும் கட்டளை ஒரே கணத்தில் அப்பதிவேட்டை முழுவதுமாகக் காட்டியது. அதிற் கண்ட எண்ணையும் தீச்சுவரின் பட்டியலையும் அருகருகே வைத்து வாசித்ததே நாம் செய்தது. பாடபேதம் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அது புதிய வேலையன்று.

மவுண்ட்டிக்கு 20048 என்ற எண்ணை நிலையாகக் கொடுத்து, அதனைத் தீச்சுவரிலும் எழுதினோம். நான்காம் பதிப்புக்கு மாறினால் 2049 ஒன்றே போதும். பழைய வாசிப்பறைக் கணனிகளை எண்ணி அதனைப் பின்போட்டோம்.

வாசிப்பறை திறந்தது. விரிவுரையாளர் அறைகள் திறக்கவில்லை. அவை வேறு கட்டடத்தில், விண்டோஸ் கணனிகளைக் கொண்டவை. அவற்றுக்குச் 'சம்பா' என்னும் செய்நிரல் மூலமே அதே கோப்புறை பகிரப்பட்டிருந்தது. சம்பாவின் கதை தனியே சொல்லத்தக்கது. 1991ஆம் ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராய் இருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல், இரு கணனிகளுக்கிடையே ஓடும் பொதிகளை உற்றுநோக்கி, அவற்றின் மொழியைத் தாமே ஊகித்து, யுனிக்ஸ் கணனி அதே மொழியிற் பேசுமாறு செய்தார். முதலில் இட்ட பெயருக்கு வேறொருவர் உரிமை கொண்டாடவே, எஸ், எம், பி ஆகிய எழுத்துக்கள் அவ்வரிசையில் வரும் சொற்களைக் கணனியிலிருந்த சொற்பட்டியலிற் தேடி, ஒரு நடனத்தின் பெயரைத் தெரிந்துகொண்டார். அம்மொழியின் பிற்கால வடிவங்களின் விவரங்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் சம்பாக் குழுவினருக்குக் கையளித்தது ஐரோப்பிய ஆணைக்குழுவுடனான நீண்ட வழக்கின் பின்னர், 2007ஆம் ஆண்டு டிசெம்பரிலேயாகும். அதுவரை பதினாறு ஆண்டுகள், விடை கூற மறுத்தவர்களின் மொழியை அக்குழுவினர் கேட்டுக் கேட்டே கற்றனர்.

சம்பாவின் முதன்மைத் துறை 445. சேவையகத்தில் 'எஸ்எஸ்' என்னும் கட்டளையை இட்டுப் பார்த்தபொழுது, 445ஆம் துறையில் எல்லா முகவரிகளிலும் சம்பா செவிமடுத்துக்கொண்டிருந்தது. விரிவுரையாளர் கணனியிலிருந்து தட்டினால் மௌனம். இத்தகைய இடத்தில் ஊகிப்பதில் பயனில்லை, பொதிகளையே பார்க்கவேண்டும். 'ரிசிபிடம்ப்' என்னும் கருவி சேவையகத்துக்கு வரும் பொதி ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும். தட்டிய பொதி வந்து, விடை போகாமல் இருந்தால் குறை சேவையகத்தின் தீச்சுவரில். பொதி வரவேயில்லையெனின் குறை வழியில். ஒரு நண்பர் அங்கிருந்து தொலைபேசியில் 'இப்ப தட்டுறன்' என்று கூறக் கூற, நான் இங்கு திரையைப் பார்த்திருந்தேன். 22ஆம் துறைக்கு அவர் அனுப்பிய பொதிகள் வந்தன. 445க்கு அனுப்பியவற்றில் ஒன்றேனும் வரவில்லை. கட்டடங்களுக்கு இடையே இருந்த தீச்சுவரில் விடுமுறையின்போது அத்துறை மூடப்பட்டிருந்தது என்பது பின்னர்த் தெரியவந்தது. மூடியவர்கள் எவருக்கும் அறிவித்திருக்கவில்லை.

மூடியதற்குத் தக்க காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வோனாகிரை' என்னும் தீநிரல் இதே 445ஆம் துறை வழியாகக் கணனிக்குக் கணனி தாவி, கோப்புகளைப் பூட்டிப் பணங்கேட்டது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த பல மருத்துவமனைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பநேர்ந்தது. ஆகவே அத்துறையை மூடியதை நான் குறைகூறவில்லை. மூடிய முறையையே கூறுகிறேன். தீச்சுவரில் ஒரு துறையை அடைக்க இரு வழிகள் உள. வந்த பொதியை ஓசையின்றி வீசிவிடலாம். அன்றேல் 'அனுமதியில்லை' என்ற சிறு விடையை அனுப்பலாம். முதலாவதே பாதுகாப்பானது என்பது பரவலான கொள்கை. விடை கூறாதவிடத்து, தேடி வரும் பகைவனுக்கு அங்கு கணனி உண்டென்பதே தெரியாது என்பர். இணையத்தை நோக்கிய வெளிச்சுவருக்கு இவ்வாதம் ஓரளவு பொருந்தும். ஒரு நிறுவனத்தின் இரு கட்டடங்களுக்கு இடையே இது எவ்வாறு பொருந்தும்? இங்கு தட்டுபவர் எமது விரிவுரையாளர். சேவையகம் இருப்பதை அவர் நன்கறிவார். உள்ளே புகுந்துவிட்ட தீநிரலையோ இம்மௌனம் நெடுநேரம் ஏமாற்றாது. பிற துறைகளின் விடைகளிலிருந்து அது கணனியைக் கண்டுகொள்ளும். முழுமையாக ஏமாறுபவர் உரியவரே. மறுப்பு அனுப்பப்பட்டிருப்பின், 445 அடைக்கப்பட்டுள்ளது என்பதை முதல் நாளே, முதற் செக்கனிலேயே அறிந்து, வேறு வழி தேடியிருப்போம். அந்நாள்களில் ஒரு மாணவி தன் ஆய்வேட்டின் மூன்றாம் இயலை, பார்க்கவேண்டிய இதழ்களைப் பாராமலே எழுதிமுடித்தாள். மேற்பார்வையாளர் வைத்திருந்த குறிப்புகளும் இதே கோப்புறையில் இருந்தன.

மாற்று வழி 22ஆம் துறையாக அமைந்தது. பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995ஆம் ஆண்டு கடவுச்சொற்களை ஒற்றுக்கேட்ட நிகழ்வொன்றின் பின், தத்து யூலோனன் எழுதிய எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறி நடப்பொழுங்கு அங்கு இயங்குகின்றது. 21ஆம் எண் கோப்பு மாற்றும் பழைய முறையினது; அம்முறையின் முதல் வரைவை 1971இல் வெளியிட்டவர் இந்தியாவிற் பிறந்த அபய் பூஷண். 23 தொலைவிலிருந்து கணனியை இயக்கும் ரெல்நெற்றினது. இரண்டுக்கும் இடையே 22 வெறுமையாய் இருக்கக் கண்டு, தம் நிரல் அவ்விரண்டினதும் இடத்தைப் பிடிக்கவேண்டும் என்ற விருப்போடு யூலோனன் அவ்வெண்ணைக் கேட்டு எழுதினார், மறுநாளே வழங்கப்பட்டது. அலுவலகக் கடிதங்களோடு பழகிய எமக்கு நம்புதற்கரிய வேகம். விரிவுரையாளர்கள் இப்பொழுது அவ்வழியாகவே கோப்புகளைப் பெறுகின்றனர். முன்புபோல ஒரு சொடுக்கிற் திறக்கவில்லை என்ற முணுமுணுப்பு இன்னும் உண்டு.

இத்தனையும் சீரானபின் மற்றுமொன்று வெளிப்பட்டது. அறுபதுகளின் சஞ்சிகைகள் சிலவற்றைத் திறக்க முயன்ற தன்னார்வலர் ஒருவருக்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற விடை வந்தது. துறைகள் திறந்திருந்தன, வலையமைப்பில் குறையில்லை. மறுப்பு, கோப்பினுடையது. யுனிக்ஸ் மரபில் ஒரு கோப்பின் உரிமையாளர் பெயராற் குறிக்கப்படுவதில்லை, எண்ணாற் குறிக்கப்படுகின்றார். பெயர் மனிதருக்காக அருகில் எழுதப்படுவது மட்டுமே. என்.எவ்.எஸ். முறையோ, அதன் பழைய வழமையில், வாசிப்பறைக் கணனி எந்த எண்ணைக் கூறுகின்றதோ அதனையே நம்பும். சேவையகத்தில் 1003 என்பது அத்தன்னார்வலரின் எண். அவர் அமர்ந்திருந்த கணனியில் அவருக்கு 1005 என்ற எண் வழங்கப்பட்டிருந்தது. 1003 அங்கு வேறொருவருடையது. ஆகவே உரியவருக்குக் கதவு மூடியும், அந்த மற்றவருக்கு, அவர் அறியாமலே, திறந்தும் இருந்தது.

எண்ணைச் சொல்பவரை அப்படியே நம்பும் இவ்வழக்கத்தைப் பேதைமை எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயின், அது எக்காலத்தில் எழுந்தது என்பதையும் நோக்கவேண்டும். 1024க்குக் கீழ்ப்பட்ட துறைகளை முதன்மை நிருவாகி மட்டுமே திறக்கலாம் என்ற விதி பேர்க்லிப் பல்கலைக்கழகத்தின் யுனிக்சிலிருந்து வந்தது. அத்தகைய துறையிலிருந்து பேசும் கணனி நம்பத்தக்கது என்பது அதன் உட்பொருள். கணனி பெருவிலையுள்ளதாய், நிருவாகி அறிந்த முகமாய் இருந்த காலத்தில் அது நியாயமான நம்பிக்கையே. 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி ரொபேட் மொறிஸ் என்னும் மாணவர் விடுத்த புழுநிரல், கணனிகள் ஒன்றையொன்று நம்பிய அந்த வழியையும் பயன்படுத்திப் பரவியபொழுது, அக்காலம் முடிந்துவிட்டதென்பது பலருக்கும் புலனாயிற்று. முதன்மை நிருவாகியென்று சொல்லி வருபவரை 'எவருமல்லர்' எனப் பொருள்படும் பெயரிலுள்ள ஒருவராக மாற்றிவிடும் ஏற்பாடு இன்று என்.எவ்.எஸ்.இல் வழமையாய் உண்டு. ஏனையோர் சொல்லும் எண் இன்றும் நம்பப்படுகின்றது.

நாம் செய்தது எளியது. எல்லாக் கணனிகளுக்கும் பொதுவான எண்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, அதற்கேற்பக் கோப்புகளின் உரிமையைத் திருத்தினோம். பட்டியலின் தாட்படி சேவையகம் உள்ள அறையின் கதவில், மவுண்ட்டியின் துறையெண்ணுக்குக் கீழே ஒட்டப்பட்டிருக்கின்றது. பட்டம் பெற்று வெளியேறுவோரின் எண் வேறெவர்க்கும் வழங்கப்படுவதில்லை. எனது எண் 1007.